துண்டுக்கடியில் அறுபது

வலது தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலித்தது மாரிசெல்வத்துக்கு. விடிந்ததிலிருந்து இருநூறு வாழைத்தார் லாரியில் ஏற்றியிருந்தான். ஆனாலும் கவனமெல்லாம் கம்பம் மண்டியில் தார்க் குவியலின் மேல் சாய்த்து வைத்திருந்த செல்போனில்தான். பெரியகுளத்தில் கல்லூரிக் கூடைப்பந்து. உத்தமபாளையத்துக்கும் கோயமுத்தூருக்கும் ஆட்டம்.

லோடுமேன்கள் அதற்கொரு சந்தை நடத்தினார்கள். சீட்டு இரண்டு வகை: உத்தமபாளையம் ஜெயிக்கும், ஜெயிக்காது. ஒருவன் அறுபது கொடுத்து முதல் சீட்டை வாங்கினால் இன்னொருவன் நாற்பது கொடுத்து மற்றதை வாங்கவேண்டும். அந்த நூறும் சீட்டு நடத்துகிற தங்கப்பாண்டி மடியில் இருக்கும். ஆட்டம் முடிந்தால் பலித்த சீட்டுக்கு நூறு. பலிக்காதது வெறும் காகிதம். வாங்க ஆள் கிடைத்தால் நடுவிலேயே விற்றுவிட்டு விலகலாம். விலை அறுபது என்றால், நூற்றுக்கு அறுபது ஜெயிக்கும் என்று கூட்டம் நம்புகிறது என்று அர்த்தம்.

மாரி அறுபதுக்கு ஐம்பது சீட்டு வாங்கியிருந்தான். மூவாயிரம். மகள் திரிஷாவின் பரீட்சைக் கட்டணம் அது. நாளைக்குக் கடைசி நாள்.

வாங்கும்போதே ஆண்டனி ராஜ் சொன்னான். பன்னிரண்டு வருஷமாகச் சேர்ந்து தார் தூக்குகிறவன், ஒரு காலத்தில் பந்து ஆடியவன். "ஏலே, அந்த அறுபதுல இருபது ஊர்ப்பாசம். இங்கன எல்லாம் நம்மாளுக. எதுத்து வாங்குனது அந்தக் கோயமுத்தூரு டிரைவருக மட்டுந்தான்."

"நீங்க ஆடித் தோத்தீகன்னா இவிய்ங்களும் தோக்கணுமாண்ணே?"

மூன்றாவது கால்பகுதியில் உத்தமபாளையம் பதினான்கு புள்ளி பின்தங்கியது. சீட்டு விலை நாற்பது, முப்பது என்று இறங்கியது.

"பதினஞ்சுக்குத் தாரேன். யாராச்சும் வாங்குறீகளா?" மாரி சீட்டுகளைத் தூக்கிக் காட்டினான்.

"பத்துன்னாலும் வேணாம் மாப்ள," என்றான் தங்கப்பாண்டி. "கொண்டுபோயி அடுப்பெரி."

எல்லாரும் சிரித்தார்கள். ஆண்டனி ராஜ் எழுந்து வந்தான். தோளில் கிடந்த துண்டை உதறி மாரியின் கைமேல் போட்டான். மாட்டுச் சந்தையில் பேரம் பேசுகிற பழக்கம் அது. விரலால் பேசுகிற விலை மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. துண்டுக்கடியில் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தான். விட்டுவிட்டு மறுபடி ஒன்றைப் பிடித்தான். விரலுக்குப் பத்து.

அறுபது.

மாரி கையை இழுத்தான். ஆண்டனி விடவில்லை.

"பதினஞ்சு. முடிஞ்சிருச்சு," என்றான் சத்தமாக.

"பதினஞ்சே தெண்டம்," என்றான் தங்கப்பாண்டி.

துண்டோடு சுருட்டிக் கொடுத்த மூவாயிரம், கூரைத் தகரம் வாங்க ஆண்டனியின் மனைவி ஜெசிந்தா கொடுத்தனுப்பிய பணம். உத்தமபாளையம் ஒன்பது புள்ளியில் தோற்றது.

மறுநாள் திரிஷா கட்டணம் கட்டிவிட்டாள். ரசீதை ஆண்டனியிடம் காட்டினான் மாரி.

"பதினஞ்சு வரைக்கும் என் சூது," என்றான் ஆண்டனி. "மிச்சம் சீட்டுக்கு நாப்பத்தஞ்சு, அம்பது சீட்டுக்கு ரெண்டாயிரத்து எரநூத்தம்பது. அத மட்டும் மெதுவாக் குடு. வெளிய சொல்லிராத, எல்லாப் பயலும் துண்டத் தூக்கிட்டு வந்துருவான்."

இப்போதெல்லாம் கனத்த தார் வந்தால் ஆண்டனியை முந்திக்கொண்டு மாரி தோள் கொடுக்கிறான். வலி அப்படியேதான் இருக்கிறது. அவன் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. சனிக்கிழமைகளில் கொடுத்தது எண்ணூற்றைம்பது ஆகிறது. ஆண்டனி ராஜுக்கு இன்னும் தரவேண்டியது ஆயிரத்து நானூறு ரூபாய்.