பதில் வராவிட்டால்

பழைய மெயின்ஃப்ரேம் கணினியை மூட்டை கட்டப் போகிறார்கள். அதில் தகவல்களைப் பதிந்து வைக்கும் டேப் வேலைகளுக்கு என்னென்ன இயல்பு அமைப்புகள் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து, புது இயந்திரத்துக்காக எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. இயல்பு அமைப்பு என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. யாரும் எதுவும் சொல்லாதபோது இயந்திரம் தானாக எதைச் செய்யும் என்பதுதான்.

முடிந்திருந்தால் தட்டிக் கழித்திருப்பேன். அந்த இயந்திர அறையில் வேலை பார்ப்பவர் என் தங்கையின் புருஷன். தங்கை போய் இரண்டு வருஷமாகிறது. அவள் மூச்சு அடங்கிய பகலில் அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "மெஷின் கேக்குறதுக்கு ஆள் பதில் சொல்லணும். விட்டுட்டு வந்தா மொத்த வேலையும் நின்னுடும்." அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றோடு அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டுவிட்டேன்.

நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றார். சட்டை தொளதொளவென்று தொங்குகிற அளவுக்கு இளைத்திருந்தார்.

"வாங்க மச்சான். டீ வாங்கிட்டு வரட்டா?"

"வேண்டாம். வேலைய முடிச்சுட்டுக் கிளம்பணும்."

அமைப்புகளைக் காட்டும் கட்டளையைத் தட்டினேன். திரையில் வரி வரியாக வந்து விழுந்தன. டேப்பில் எவ்வளவு நெருக்கமாக எழுதுவது, எத்தனை நாள் கழித்து அழிக்கலாம், எழுதி முடித்ததும் திரும்பச் சுற்றுவதா வேண்டாமா. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் நின்றுவிட்டேன். டேப்பை ஏற்றலாமா என்று கேட்டு ஐந்து நிமிடத்துக்குள் பதில் வராவிட்டால், ஆம் என்று எடுத்துக்கொண்டு தொடரவும்.

திரும்பப் படித்தேன். டேப்பை எடுத்து மாட்டுவது கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும் இயந்திரக் கை. ஆள் செய்ய வேண்டியது 'ஆம்' என்று தட்டுவது மட்டும். அதையும் தட்டாமல் போனால் குடி ஒன்றும் முழுகிவிடாது.

கோபம் தலைக்கேறியது. கூடவே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகவும் இருந்தது. இத்தனை நாள் நெஞ்சில் அடக்கி வைத்ததைக் கொட்ட இடம் கிடைத்துவிட்டது. திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"இதைப் படிங்க மாப்பிள்ளை. கொஞ்சம் வாய்விட்டுப் படிங்க."

அவர் திரையைப் பார்க்கவேயில்லை.

"தெரியும் மச்சான். நான்தான் அப்படி மாத்தி வச்சேன்."

"எப்போ?"

"அவளை ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னிக்கு. மேலிடத்துல கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினேன். அவ கூடவே இருக்கலாம்னுதான்."

"அப்புறம் ஏன் வரல?"

நகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "முதல்ல வந்துட்டுத்தானே இருந்தேன். பொழைச்சிடுவேனா, பொழைச்சிடுவேனான்னு கேட்டுட்டே இருந்தா. எனக்கு வாய் வரல. இங்க கேள்வி வந்தா ஆமான்னு தட்டிட்டாப் போதும். அதான் ஓடி வந்துட்டேன். பயந்தாங்கொள்ளின்னு திட்டுங்க, வாங்கிக்கிறேன்."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அதே கேள்வியை அவள் என்னிடமும் கேட்டாள். "உனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கே" என்று வாய் கூசாமல் சொன்னவன் நான்.

அவர் மெதுவாகக் கேட்டார். இதை இத்தனை நாள் யாரிடமும் கேட்டிருக்க மாட்டார்.

"கடைசியா என்னைத் தேடினாளா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "தேடினா. நீங்க இல்லேன்னா மெஷின் நின்னுடும்னு சொன்னேன். பக்கத்துக் கட்டில் அம்மாகிட்ட அதையே பெருமையா சொல்லிட்டிருந்தா. 'அவர் இல்லாம அங்க ஒண்ணும் ஓடாதாம்'னு."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் இதைச் சொல்லாமலே இருந்திருக்க வேண்டும், அல்லது அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். எது சரி என்று இப்போதும் தெரியவில்லை.

திரையில் புதிதாக ஒரு வரி விழுந்தது. டேப் ஏற்றலாமா என்ற கேள்வி. பழக்கத்தில் அவர் கை விசைப்பலகை வரை போய், அங்கேயே நின்றது. என் நாற்காலியை அவர் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டேன். இரண்டு பேரும் எதையும் தட்டாமல் அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஐந்து நிமிடம் கழித்து, அலமாரிக்குள் இயந்திரக் கை நகர்ந்தது.