மின்னலின் மூச்சும் ஏழாவது கேள்வியும்

மின்னலின் புதுப் பாட்டு வந்த அன்று மூணாம் நம்பர் அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

அக்காவின் பெயர் அந்த அலுவலகத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. தண்ணீர் கம்பெனியின் புகார்ப் பிரிவில் பதினான்கு வருஷமாக மூன்றாம் நம்பர் நாற்காலியில் உட்கார்ந்து ஃபோன் எடுக்கிறவள், அவ்வளவுதான். ஒரு நாளைக்குத் தொண்ணூறு ஃபோன். குழாயில் தண்ணீர் வரவில்லை, மீட்டர் பேய் மாதிரி ஓடுகிறது, தெருவை வெட்டிப் போட்டுவிட்டு ஆளைக் காணோம், இப்படி ஒவ்வொன்றுக்கும் "சொல்லுங்க, கேட்டுக்கிட்டிருக்கேன்" என்று ஆரம்பிக்க வேண்டும்.

மின்னல் என்பது பாடகிக்கு ரசிகர்கள் வைத்த பெயர். பத்தொன்பது வயதில் பாட வந்தவள், இப்போது முப்பத்திரண்டு. பாட்டின் நடுவே குரல் சரேலென்று உச்சிக்குப் போய் அங்கேயே நிற்கும். கூட்டமே எழுந்துவிடும். அலுவலகத்தில் அவளுக்கு ஏழெட்டு ரசிகர்கள் இருந்தார்கள். புதுப் பாட்டு வந்தால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் லிஃப்ட் மெக்கானிக் தன் ஃபோனைக் காலி எவர்சில்வர் டம்ளருக்குள் நிற்க வைப்பார். சத்தம் அறை முழுக்கப் பரவும். மூன்று தடவை கேட்டு முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர்கள் போட்டுக்கொண்ட சட்டம்.

இந்தத் தடவை டம்ளருக்குள்ளிருந்து வந்தது வேறு மாதிரி இருந்தது. டிரம்ஸ் இல்லை, ஒரு பியானோ மட்டும். வழக்கமாகக் குரல் ஏறுகிற இடத்தில் அவள் ஏறவில்லை, சும்மா கடந்து போனாள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மூச்சு இழுப்பது தெளிவாகக் கேட்டது. பழைய பாட்டுகளில் அதையெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்திருப்பார்கள்.

மூன்றாவது தடவை முடிந்ததும் முதலில் பேசியவள் காது. அவளுக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் அது. நாளடைவில் முகத்துக்கு நேராகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். எல்லோரும் பேசுகிற ஃபோனைக் கேட்டு மதிப்பெண் போடுவது அவள் வேலை. அக்காவைவிடப் பத்து வயது சின்னவள். ஒரு குரலைக் கேட்டால், அந்த ஆள் நாற்காலியில் சாய்ந்திருந்தாரா நிமிர்ந்திருந்தாரா என்று சொல்லிவிடுவாள்.

"இத்தனை வருஷம் ஏறி ஏறிக் காட்டினா. இப்பதான் ஏறாம நிக்கத் தெரிஞ்சிருக்கு. இதுதான் வளர்ச்சி" என்றாள் காது.

"வளர்ச்சியும் இல்ல ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணு களைச்சுப் போயிருக்கா" என்றாள் அக்கா.

லிஃப்ட்காரர் டம்ளரிலிருந்து ஃபோனை எடுத்துத் துடைத்தார். "லிஃப்ட் பாதியில நின்னுட்டா நானும் வளர்ச்சின்னு எழுதிக் குடுத்துடலாமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். காது சிரிக்கவில்லை.

சண்டை ரசிகர்களின் ஃபோன் குழுவுக்குப் போய் நான்கு நாள் ஓடியது. அங்கே ஊர் பேர் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தார்கள். காது நீளநீளமாக எழுதினாள். மூச்சை வெட்டாமல் விட்டது தைரியம் என்றாள், உச்சியை விட்டுக்கொடுத்தது முதிர்ச்சி என்றாள். இதயச் சின்னங்கள் வந்து குவிந்தன. அக்கா ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினாள். போன வருஷம் மட்டும் நூற்றுப் பத்து மேடை, இரண்டு ஆல்பம், நடுவில் தொண்டைக்கு ஊசி போட்டுக்கொண்டு ஒரு சுற்றுப்பயணம். இதில் ஒரு மாசம் கூட அவள் வீட்டில் இருந்திருக்க மாட்டாள் என்று கணக்குச் சொன்னாள். கடைசியில், "யாராவது அவளுக்குப் பத்து நாள் லீவு குடுங்களேன்" என்று எழுதினாள். அதற்கு ஒருவன், பெரியம்மாக்கள் எல்லாம் பாட்டைப் பற்றிப் பேசினால் இப்படித்தான் என்று பதில் போட்டான். அதற்கும் இதயங்கள் விழுந்தன.

வீட்டில் அக்காவின் கணவர் கட்டிலில் படுத்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். ஏணியிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்து இரண்டு மாசமாகிறது. விடியுமுன் அவருக்கு உடம்பு துடைத்து, சமைத்து, மாத்திரைகளைக் கிண்ணத்தில் பிரித்து வைத்துவிட்டு அவள் பஸ் பிடிக்க வேண்டும். திரும்பி வந்தால் அதே வேலை தலைகீழாக.

"அவளுக்கு நீ சித்தியா, அத்தையா? இப்படி அடிச்சுக்கறே" என்றார் அவர்.

அவள் அவர் காலைத் தூக்கி, தலையணையை அடியில் தள்ளினாள். கால் கல்லாகக் கனத்தது.

அவளுக்கு வேறொரு கவலையும் இருந்தது. ஃபோன் எடுக்கிறவர்களுக்கு மாசா மாசம் மதிப்பெண் உண்டு. ஐந்துக்குக் குறைந்தது மூன்று வாங்க வேண்டும். தொடர்ந்து மூன்று மாசம் அதற்குக் கீழே போனால் நாற்காலி போய்விடும். அக்காவுக்கு இரண்டு மாசம் அப்படிப் போயிருந்தது. மூன்றாவது மாசத்தின் கடைசி வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குக் காது அவளைக் கேட்பு அறைக்குக் கூப்பிட்டாள்.

கேட்பு அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்க முட்டை அட்டை போல் மேடுபள்ளமாக ஸ்பாஞ்ச். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, இரண்டு ஹெட்ஃபோன். மேஜைமேல் பன்னிரண்டு கேள்விகள் உள்ள தாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். அடியில் "வேறு பரிந்துரை" என்று இரண்டு வரி இடம். அந்த இடத்தில் யாரும் எதையும் எழுதி அக்கா பார்த்ததில்லை.

காது ஒரு அழைப்பை ஓடவிட்டாள். ஒரு ஆள், அப்பா பெயரில் இருக்கும் இணைப்பைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டிருந்தார். அப்பா போன வாரம் இறந்துவிட்டாராம். அக்கா தன் குரலைத் தானே கேட்டாள். முதலில் ஒரு மூச்சு, நீளமாக. பிறகு, "ரொம்ப வருத்தமா இருக்குங்க. இணைப்பு எண் சொல்லுங்க." அந்தப் பக்கத்து ஆளும் ஒரு பெருமூச்சு விட்டார். அப்புறம் நிதானமாக எண்ணைச் சொன்னார்.

காது நிறுத்தினாள். பேனா ஏழாவது கேள்வியில் வந்து நின்றது. குரலில் புன்னகை இருந்ததா?

மற்ற பதினொன்றும் எப்படி வந்திருக்கிறது என்று அக்காவுக்குத் தலைகீழாகவே படிக்க முடிந்தது. இது ஒன்றில்தான் இருக்கிறது எல்லாம்.

"அப்பாவைப் பறிகொடுத்தவர்கிட்ட சிரிச்ச குரல்ல பேச முடியாதுன்னு நீங்க வேணும்னேதான் குரலை இறக்கினீங்க. அப்படித்தானேக்கா?" என்றாள் காது. தாளைப் பார்த்தபடியே சொன்னாள். "அப்படி இருந்தா நான் 'ஆம்'ல போட விதியில இடம் இருக்கு."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்காவுக்குக் கட்டிலும் மாத்திரைக் கிண்ணமும் கண்முன் வந்தன. வாய் திறந்தது. ஆனால் நான்கு நாளாக ஒற்றை விரலால் எழுதியதெல்லாம் குறுக்கே வந்து நின்றது.

"இல்லம்மா. களைப்பு" என்றாள்.

"அக்கா."

"நிஜமாத்தான் சொல்றேன். அவருக்காக எல்லாம் இறக்கல. அதுக்கு முன்னாடி குழாய் உடைஞ்சவர் ஒருத்தர் பேசினார். அவர்கிட்டயும் இதே மூச்சுதான். போட்டுப் பாரு."

காது போட்டுப் பார்த்தாள். அதே மூச்சு. அதற்கு முந்தியதையும் போட்டாள். அதிலும் இருந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"நான் உங்களைக் காப்பாத்தப் பாக்கறேன். நீங்க பாட்டுச் சண்டையை இங்கயும் கொண்டு வந்துட்டீங்க."

"கொண்டு வந்தது நீதாம்மா. அவளுக்கும் இதைத்தானே பண்றீங்க எல்லாரும். மூச்சு வாங்குதுன்னா அதுக்கு அழகா ஒரு பேரு. அப்புறம் இன்னும் பத்து மேடை. நாளைக்கு எனக்கும் துக்கக் குரல் நல்லா வருதுன்னு பேர் வெச்சு, சாவு வீட்டு ஃபோனையெல்லாம் என் லைனுக்கே திருப்பி விடுவீங்க."

காதுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. அவளும் காலை ஏழிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்; காது மடல் இரண்டும் ஹெட்ஃபோன் பட்டுச் சிவந்திருந்தன.

"வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டாள்.

"அவர் காலு முறிஞ்சு படுத்திருக்கார். இன்னும் ஒரு மாசம்."

"இத்தனை நாளா சொல்லவே இல்லையே."

"இந்தத் தாள்ல அதுக்குக் கேள்வி இல்லையே."

காது பேனாவை எடுத்தாள். ஏழாவது கேள்விக்கு எதிரே "இல்லை" கட்டத்தில் குறி போட்டாள். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்திருக்கலாமா என்று நாற்காலியைப் பின்னால் நகர்த்தினாள். அதற்குள் காது தாளின் அடிப்பகுதிக்குப் போயிருந்தாள். நிறுத்தி நிறுத்தி எழுதினாள். எழுதி முடித்துத் தாளைத் திருப்பிக் காட்டினாள்.

பத்து நாள் ஓய்வு தரவும். திரும்பி வந்தபின் மறுபடி கேட்டு மதிப்பெண் போடப்படும். அதுவரை இந்த மாதத்துக்கு மதிப்பெண் இல்லை.

"இப்படி எழுதலாமா?" என்றாள் அக்கா.

"இடம் விட்டிருக்காங்கல்ல. மேல என்ன சொல்வாங்கன்னு தெரியாது. என்னையும் கூப்பிட்டுக் கேப்பாங்க. ஆனா படிச்சுட்டுத்தானே கேக்கணும்."

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா கதவுவரை போனபிறகு காது பின்னாலிருந்து சொன்னாள்.

"ஆனா பாட்டு வளர்ச்சிதான் அக்கா. அதுல மாத்தம் இல்ல."

"நீ அப்படியே கேளு. யார் வேணாங்கறா."

மூன்றாம் நம்பர் மேஜையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆறு பேர் காத்திருக்கிறார்கள். அக்கா உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டிப் பொத்தானை அழுத்தினாள். வார்த்தைக்கு முன்னால் மூச்சு போனது.

"ஹலோ, இருக்கீங்களா?" என்றது அந்தப் பக்கம்.

"இருக்கேன், சொல்லுங்க."