ஜனவரியில் சுட்டது

“ஆர்விட்டுக்காக ஜனவரியில நாங்க சுட்டோம். அந்தச் சத்தம் இன்னும் கீழ வந்து சேரலை” என்றார் வைனோ ஹார்யு, மீன் முள்ளை நாக்கால் ஒதுக்கிக்கொண்டே.

மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை. ஊரின் முன்னாள் போர்வீரர் மன்றத்தில் மீன் வறுத்துப் போடும் நாள். ஏரிப் பனிக்கட்டியைத் துளைத்துத் தூண்டில் போட நகரத்திலிருந்து வந்த இரண்டு பேர் வைனோவின் மேஜையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர் யாரும் தெரிந்தே அங்கே உட்காரமாட்டார்கள், சாப்பாடு ஆறிவிடும். வைனோ கடற்படையில் சமையல்காரராக இருந்தவர். ஒரே காலையில் அவர் பொரித்துப் போட்ட முட்டைகளின் கனத்தில் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது என்றும், கேப்டன் ஓடிவந்து மாலுமிகளில் பாதிப் பேரை எதிர்ப்பக்கம் போய் நின்று சாப்பிடச் சொன்னார் என்றும் ஊரில் ஒரு வரலாறு உண்டு. அதை எழுதியவரும் அவரே, சாட்சியும் அவரே.

“மைனஸ் முப்பத்தெட்டு தம்பிகளா. பாதிரியார் சொன்ன ‘ஆமென்’ அவர் மீசையிலயே தொங்கிட்டிருந்துச்சு. நான்தான் ஒடிச்சு அவர் கையில குடுத்தேன். குண்டுச் சத்தம் குழாயை விட்டு வெளிய வந்துச்சு, வந்த இடத்துலயே உறைஞ்சு நின்னுடுச்சு. இப்பவும் போய்ப் பாருங்க, கல்லறை மேல ஆப்பிள் காய்ச்ச மாதிரி தொங்கும். மே மாசம் மண்ணு இளகும்போதுதான் விழும்.”

தூண்டில்காரர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். வழக்கப்படி மற்ற எல்லாத் தலைகளும் மூலை மேஜைப் பக்கம் திரும்பின. அங்கேதான் நார்பர்ட் இருப்பார்.

நார்பர்ட் காகித ஆலையில் மரத்தடி அளந்தவர். லாரியில் வந்து இறங்கும் தடியைத் தட்டிப் பார்த்து, உள்ளே சொத்தை எவ்வளவு என்று சொல்லி, அந்த அளவைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் ஒப்புக்கொள்வது அவருடைய வேலை. ஓய்வு பெற்ற பிறகு கழிப்பதற்குத் தடி கிடைக்காமல், ஊர்க்காரர்களின் பேச்சில் கழிக்க ஆரம்பித்தார். வைனோ அவருக்கு வைத்த பெயர் ‘தள்ளுபடி’. கப்பல் கதையை நார்பர்ட் ஒரே வரியில் முடித்துவைத்ததை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்: “கப்பல் சாயலை. உனக்குக் காதுல தண்ணி கோத்திருந்துச்சு.”

இப்போதும் அப்படி ஒரு வரி வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். குறைந்தபட்சம், முப்பத்தெட்டு இல்லை, முப்பத்தொன்றுதான் என்றாவது சொல்வார். நார்பர்ட் முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். பாதி மீனை அப்படியே விட்டுவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கதவு சாத்தும் சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாகச் சாத்தினார்.

ஆர்விட், நார்பர்ட்டின் அக்காள் மிர்னாவின் புருஷன். பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அந்த ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற அத்தனை பேரும் ஆர்விட்டின் பின்கழுத்தை மனப்பாடமாக அறிவார்கள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. பத்தொன்பது வயதில் கொரியாவில் இருந்தார் என்பது தெரியும். அங்கே என்ன செய்தார் என்று கேட்டால், “லாரி ஓட்டினேன்” என்பார். மன்றத்தின் மரியாதைப் படை என்று ஒன்று இருந்தது. ஊரில் எந்தப் பழைய போர்வீரர் இறந்தாலும் கல்லறையில் நின்று மூன்று முறை வானத்தை நோக்கிச் சுடுகிற கிழவர்கள். அதில் ஆர்விட் ஒரு சாவைக்கூடத் தவறவிட்டதில்லை. காய்ச்சலோடு வந்திருக்கிறார். சொந்த மகளின் கல்யாண விருந்திலிருந்து நடுவில் எழுந்து வந்திருக்கிறார். யாராவது ஒருவர் அரை நொடி பிந்திச் சுட்டுவிட்டால் போதும், முணுமுணுப்பார்: “பிசிறு அடிக்குது. நாலு துப்பாக்கியும் ஒரே துப்பாக்கி மாதிரி கேக்கணும். அவனுக்கு இது ஒண்ணுதான் கிடைக்கப்போகுது.”

அந்தப் படையில் இருந்த மற்றவர்களும் பெரிய வீரர்கள் இல்லை. வைனோ முட்டை பொரித்தவர். ஜீன் வியட்நாமில் ஹெலிகாப்டர்களுக்குத் திருகாணி முடுக்கியவர். கார்ல் அலாஸ்காவில் இரண்டு வருடம் ரேடார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒருமுறை காட்டு வாத்துக் கூட்டம் வந்ததோடு சரி. நார்பர்ட் ஜெர்மனியில் ஒரு கிடங்கில் பூட்ஸ் எடுத்துக் கொடுத்தவர். அளவு தப்பாமல் கொடுத்தார் என்பதில் அவருக்கு இன்றும் பெருமை.

ஆர்விட் ஒரே ஒரு முறைதான் வாயைத் திறந்தார். அதுவும் நார்பர்ட்டிடம் மட்டும். ஏரி நடுவில், தூண்டில் குடிசைக்குள், இரண்டு பேரும் பனித்துளையைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம். துளையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஆர்விட் சொன்னார்: “மலையை விட்டு இறங்கும்போது செத்த பசங்களை லாரி கொள்ற மட்டும் ஏத்திட்டு வந்தோம். மிச்சப் பசங்களைப் பள்ளத்துல வரிசையா வெச்சு மண்ணைத் தள்ளினோம். மண்ணுகூட இல்ல, கல்லு மாதிரி உறைஞ்ச கட்டி. மரியாதைக்குன்னு ஒருத்தனும் சுடலை. குண்டை மிச்சம் பிடிக்கணும். சுட்டாலும் வெடிச்சிருக்காது. எண்ணெய் போட்ட துப்பாக்கியெல்லாம் அந்தக் குளிர்ல ஊமையாயிடுச்சு. துடைச்சுக் காய வெச்சதுதான் பேசிச்சு.” அப்புறம் தூண்டில் அசைந்தது. மீனை இழுத்தார்கள். அவ்வளவுதான் பேச்சு.

நார்பர்ட் அதை மறந்துபோனார்.

படையின் துப்பாக்கிகளைப் பார்த்துக்கொண்டவர் ஆர்விட். ஜனவரியில் அவர் இறந்ததும் அலமாரிச் சாவி நார்பர்ட்டிடம் வந்தது. இறுதிச் சடங்குக்கு முந்தின நாள் மத்தியானம் அவர் மன்றத்துக்குத் தனியாகப் போனார். மரப்பகுதியை மெழுகு போட்டுத் தேய்த்தார். இரும்பை முகம் தெரிகிற வரை துடைத்தார். பிறகு, வாழ்நாளில் யாருக்கும் எதையும் அளவுக்கு மேல் கொடுத்தறியாத அந்த மனிதர், ஆர்விட்டுக்காக என்று, ஒவ்வொரு துப்பாக்கியிலும் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினார். பிரியத்தில் செய்த காரியம். திரும்பும்போது கையெல்லாம் எண்ணெய் வாசனை. அது அவருக்கு நிறைவாகக்கூட இருந்தது.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில், சவப்பெட்டி பனிமேல் இருக்க, சுற்றிலும் ஊரே நிற்க, வைனோ தன் கப்பல் குரலில் ஆணையிட்டார். நார்பர்ட்டும் ஜீனும் கார்லும் விசையை இழுத்தார்கள்.

க்ளக்.

வெடிக்கவில்லை. மறுபடி இழுத்து நிமிர்த்தினார்கள். மறுபடி ஆணை. க்ளக். இரண்டாவது க்ளக் கேட்ட போதுதான் நார்பர்ட்டுக்குத் தூண்டில் குடிசை ஞாபகத்துக்கு வந்தது. குழம்பு மாதிரி கெட்டியாகிப்போன எண்ணெய்க்குள், குண்டைத் தட்டவேண்டிய ஊசி மெல்ல நீந்துவதை அவரால் விரல்நுனியில் உணர முடிந்தது. மூன்றாவது முறையும் நிறுத்தத் தெரியாமல் இழுத்தார்கள். ஊரிலுள்ள ஒவ்வொரு கல்லறைக்கும் நின்று சுட்ட மனிதனுக்கு மூன்று க்ளக். கூட இருந்த பையன்களைச் சத்தமில்லாமல் பள்ளத்தில் விட்டுவந்தவனை, இவர்களும் அதே போல அனுப்பினார்கள்.

மிர்னா, சவப்பெட்டியிலிருந்து எடுத்து மடித்துக் கொடுத்த கொடியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துப்பாக்கிகளைப் பார்க்கவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் வைனோ, இடுப்பு வலியோடு நொண்டி நொண்டி வந்து அவர் முன்னால் குனிந்தார். “சுட்டாச்சு மிர்னா. குளிர்ல மேல உறைஞ்சு நிக்குது. மண்ணு இளகும்போது கீழ வரும்.”

யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டார். மிர்னா அண்ணாந்து வெறும் வானத்தைப் பார்த்தார். பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்று கேட்பது போலக் கேட்டார்: “மே மாசமா?”

“மேதான். ஏரிப் பனிக்கட்டி உடையணும்.”

சவப்பெட்டியைத் தோட்டத்து ஓரத்தில் மேட்டுக்குள் இருந்த கல் அறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினார்கள். அந்த ஊரில் குளிர்காலத்தில் செத்தவர்கள் எல்லாரும் அங்கேதான் வசந்தத்துக்குக் காத்திருப்பார்கள். மண்வெட்டி இறங்காத நிலத்தில் வேறு வழி கிடையாது.

அன்று முதல் நார்பர்ட் வைனோவோடு பேசவில்லை. செத்த வீட்டில் வேடிக்கையா என்று மற்றவர்களிடம் பொரிந்தார். ஆனால் தனியாகக் கார் ஓட்டும்போது அவருக்கு உண்மை தெரிந்தே இருந்தது: எண்ணெய் போட்டது யார் என்று வைனோவுக்கும் தெரியும். விறைத்த துப்பாக்கியை மன்றத்தில் திரும்ப வைக்கும்போது ஜீன் மோந்து பார்த்தார், கார்லும் பார்த்தார். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் புளுகுக் கிழவன் எங்கே போனாலும் ஆப்பிள் கதையையே சொல்லிக்கொண்டு திரிந்தான், கேட்டவர்கள் சிரித்தார்கள், துப்பாக்கி ஏன் வெடிக்கவில்லை என்று கேட்க யாருக்கும் தோன்றவே இல்லை. சொத்தையை ஒளித்துக் கொண்டுவந்த தடியைக் கண்டுபிடிப்பதே தொழிலாக இருந்தவர், தன்னுடைய சொத்தையை இன்னொருவர் மூடி மறைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் அந்த மார்ச் வெள்ளிக்கிழமை மீனை இறங்கவிடவில்லை.

ஏப்ரல் கடைசியில் மிர்னா கூப்பிட்டு அனுப்பினார். ருபார்ப் என்கிற புளித்தண்டை வைத்துச் சுட்ட இனிப்புப் பண்டத்தில் ஒரு துண்டு வெட்டி வைத்தார்; நார்பர்ட் சாப்பிடவில்லை.

“அடக்கத்துக்கு நீயும் பாதிரியும் போதும். ஆளுங்க வேண்டாம், துப்பாக்கி வேண்டாம்.”

“இந்தத் தடவை நான் சரியா—”

“வேண்டாம்டா. தூக்கத்துல கேக்குது எனக்கு அந்த க்ளக். பாத்திரம் மூடினாக் கேக்குது. இன்னொரு தடவை என்னால ஆகாது. வாக்கு குடு.”

கொடுத்தார். நார்பர்ட் வாக்கு கொடுத்தால் அதில் கழிவு இருக்காது.

இரண்டு நாள் கழித்து வைனோ அவர் வீட்டு வாசலில் நின்றார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, புளுகு எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு வந்த மாதிரி இருந்தது.

“சாவியைக் குடு, தள்ளுபடி.”

“முடியாது. அக்காகிட்ட வாக்கு குடுத்திருக்கேன். மன்றத்துத் துப்பாக்கி அங்க வராது.”

“சரி.”

“அவ்வளவுதானா?”

“நீ சொன்னா சொன்னதுதானே.” வைனோ படியிறங்கினார். பாதியில் நின்று, திரும்பாமலேயே சொன்னார்: “அதுவும் இல்லாம, எதுக்குப்பா மறுபடி சுடணும்? அதுதான் ஏற்கனவே சுட்டாச்சே.”

மே மாதம் இரண்டாவது வாரம் ஏரிப் பனிக்கட்டி உடைந்தது. கல் அறைக் கதவைத் திறந்தார்கள். உள்ளேயிருந்து வந்த குளிர் எல்லார் முழங்காலிலும் மோதியது. குழி வெட்டியவர் மண்வெட்டியை ஊன்றித் தள்ளி நின்றார். மண் கறுப்பாக, ஈரமாக, உதிரி உதிரியாக இருந்தது. கொரியாவில் ஆர்விட் யார் மேலும் போட முடியாமல் போன மண். பாதிரியார் சுருக்கமாக முடித்தார். இந்தத் தடவை அவருடைய ‘ஆமென்’ தங்குதடையில்லாமல் ஏரிப்பக்கம் போனது. பெட்டி கயிற்றில் இறங்கியது.

அப்போது தண்ணீருக்கு அப்பாலிருந்து, தாழ்வாக, ஒரு வெடி.

ஏரியில் இருந்த வாத்துகள் மொத்தமாக எழுந்தன. குன்று அந்தச் சத்தத்தை வாங்கி ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. நார்பர்ட்டின் கை தானாக நெற்றிக்குப் போனது. இரண்டாவது வெடி, அதில் ஒன்று கொஞ்சம் பிந்தியது. பிறகு மூன்றாவது, சுத்தமாக, ஒரே துப்பாக்கி போல.

அவர் நின்ற இடத்திலிருந்து ஏரி குறுகி வளையும் இடத்தின் எதிர்க்கரை நன்றாகத் தெரிந்தது. பழைய சரளைப் பள்ளம். இலை விடாத பிர்ச் மரங்களுக்கு நடுவே மான் வேட்டைக்குப் போடுகிற மூன்று ஆரஞ்சு தொப்பிகள். ஒன்று இடுப்பு கோணி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது, முட்டைக் கப்பல் மாதிரி. அவர்கள் கையில் இருந்தவை மன்றத்துத் துப்பாக்கிகள் இல்லை. அலமாரிச் சாவி நார்பர்ட்டின் சட்டைப் பையில், நெஞ்சுக்கு நேராக இருந்தது. மத்தியில் வந்த கரகரத்த சத்தம் ஜீனின் வேட்டைத் துப்பாக்கி என்று கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டாலும் அவர் சொல்லியிருப்பார். சொல்வதற்கு எல்லாம் தயாராக இருந்தது: ஆள் மூன்று, தூரம் இவ்வளவு, துப்பாக்கி இன்னது.

மிர்னா எதிர்க்கரைப் பக்கம் திரும்பவே இல்லை. குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கு சிவந்திருந்தது. கைப்பையின் கொக்கியைப் போட்டார். அது க்ளக் என்றது. அவர் முகம் சுளிக்கவில்லை.

“ரெண்டாவது பிசிறு அடிச்சுது” என்றார். “அவர் இருந்தா திட்டியிருப்பார்.”

குழி வெட்டியவர் நார்பர்ட்டைப் பார்த்தார். பாதிரியாரும் பார்த்தார். ஊரில் எல்லாரும் பார்ப்பது போலவே, அவர் கழிப்பார் என்று எதிர்பார்த்து. மிர்னாவும் கடைசியில் தம்பி பக்கம் தலையைத் திருப்பினார். ஜனவரியில் பார்த்த அதே பார்வை.

நார்பர்ட் சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“நாலு மாசம் குளிர்ல தொங்கினது இல்லையாக்கா” என்றார். “அதான் ஒண்ணு கொஞ்சம் லேட்டா விழுந்துச்சு.”

எதிர்க்கரையில் ஆரஞ்சு தொப்பிகள் ஒவ்வொன்றாகத் தலையிலிருந்து இறங்கின. மேலே, கலைந்து போன வாத்துகள் வானத்தில் ஒரு பெரிய வட்டமடித்து, சத்தம் வந்த தண்ணீரிலேயே மறுபடி ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன.