கட்டைவிரலுக்குச் சோடி

வாசல் பெஞ்சில் கிடந்த பிணத்துக்கு அழகுமலை வாய்க்கட்டைக் கட்டி முடித்தார். கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டார். பிறகு சங்கையாவின் இடது கையைத் தூக்கி வயிற்றின் மேல் வைத்து, கட்டைவிரலில் துணியைச் சுற்றிவிட்டு, வலது கட்டைவிரலைத் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார். வேட்டி மடிப்புக்குள் தேடினார், முதுகுக்கு அடியில் தேடினார். எஸ்டேட்டின் மேல் டிவிசன் லயத்தில், அந்தக் கூலி வீட்டு வரிசையில், செத்த அத்தனை பேருக்கும் கட்டுப் போட்டவர் அவர். கண்ணை மூடிக்கொண்டே கட்டுவார். சங்கையாவின் வலது கை தேயிலை ரோலரில் மணிக்கட்டோடு போய்ப் பதினோரு வருஷம் ஆனது ஊருக்கெல்லாம் தெரியும். அழகுமலையின் விரல்களுக்கு மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

“அடக் கொடுமையே,” என்றார். “சோடி இல்லையே.”

தலைமாட்டில் வேலுத்தாய் இருந்தாள். விடிகாலையில் பாலில்லாத கட்டஞ்சாயாவைக் குடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த புருஷனுக்காக அதுவரை அழுதுகொண்டிருந்தவள், அந்த ஒரு சொல்லில் அழுகையை விட்டுவிட்டாள். பயம் வந்தால் அழுகை ஒதுங்கி வழிவிட்டுவிடுகிறது.

“சோடி இல்லாட்டி என்ன மாமா? சும்மா விடுங்க.”

“சும்மா விடுறதா? கட்டாத விரலு சும்மா கெடக்குமா, தாயி? இது என்ன வெறகு பெறக்குன கையா? பல்லுப்பெட்டி வாசிச்ச கை. எந்திரிச்சு கெளப்புக்குப் போயிரும். இல்லாட்டி, மத்தது இதத் தேடிக்கிட்டு இங்க வரும்.”

மத்தது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் சேலையைக் காலுக்குள் இழுத்துச் செருகிக்கொண்டார்கள்.

பல்லுப்பெட்டி என்பது பியானோ. லயத்துக்கு மேலே மேட்டில் துரைமார் கட்டிய கிளப்பில் இருந்தது. கப்பலேறிய துரைகள் நாயையும் நாய்க்குப் போர்வையையும்கூடக் கொண்டுபோனார்கள், பியானோவை விட்டுவிட்டார்கள். அந்த மலையிலிருந்து அதை இறக்க ஒரு யானை வேண்டும், யானையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள இன்னொரு யானை வேண்டும். கை போன சங்கையாவைக் கம்பெனி கிளப்பில் தூசி தட்டப் போட்டது. முதல் நாள் தட்டும்போதே பெட்டி ஒரு சத்தம் போட்டது. அவ்வளவுதான், மனுஷன் மாட்டிக்கொண்டார்.

கூடத்தின் ஒரு மூலையில் கிராமபோன், எதிர்மூலையில் பியானோ. கிராமபோனை முழங்காலால் அணைத்துக்கொண்டு இடது கையால் சாவி கொடுப்பார். முள்ளை வைத்து இரண்டு வரி கேட்பார். முள்ளைத் தூக்கிவிட்டு எதிர்மூலைக்கு ஓடுவார். போய்ச் சேர்வதற்குள் பாதிப் பாட்டு வழியில் சிந்திப்போகும். மறுபடியும் ஓடுவார். அப்படி ஓடி ஓடியே கூடத்துப் பலகையில் ஒற்றையடிப் பாதை விழுந்துவிட்டது என்று சொல்வார்கள். இசைத்தட்டில் இருந்த வெள்ளைக்காரனோ இரண்டு கை போதாமல் பக்கத்து வீட்டில் மூன்றாவது கை ஒன்றும் இரவல் வாங்கி வாசித்திருந்தான். அதை ஐந்து விரலுக்குள் அடக்க வேண்டும். இடது ஓரத்துக் கனத்த அடிச் சத்தத்தைத் தட்டிவிட்டு மேலே தாவினால் அடி ஓய்ந்துவிடும். அடிக்கு ஓடி வந்தால் மேலே ஓய்ந்துவிடும். ஒன்பது வருஷம் அந்தப் பாட்டு நொண்டிக்கொண்டே கிடந்தது. பிறகு ஒரு ஆவணி மாதம் திடீரென்று எழுந்து இரண்டு காலில் நடந்தது. அடியும் ஓயவில்லை, மேலேயும் ஓயவில்லை. கேட்டவர் யாராக இருந்தாலும் சொல்வார்கள்: வாசிப்பது இரண்டு கை.

லயம் நடுங்கிப்போனது. அந்த ரெண்டாவது கை யாருடையது?

அடுத்த வீட்டு மூக்கம்மாள் விறகுக்குப் போகிற சாக்கில் கிளப் சன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். “கைய எடுத்துட்டாரு! இடது கை மேல போயிருச்சு. ஆனா கீழ சத்தம் கேக்குது. ஆளில்லாம கேக்குது!” எமர்ஜென்சி வந்து நாடே வாயை மூடிக்கொண்டிருந்த நேரம், மூக்கம்மாளின் வாயை மூட மட்டும் ஆளில்லை. முதல் வீட்டில் அவள் சத்தம் மட்டும்தான் கேட்டிருந்தாள். பத்தாவது வீட்டில் ஒரு கையைப் பார்த்தாள். கடைசி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அந்தக் கைக்கு ஆறு விரலும், விரலுக்கொரு மோதிரமும், நீள நகமும் முளைத்திருந்தன.

வேலுத்தாய் அன்றிலிருந்து புருஷனின் வலப்பக்கம் படுப்பதில்லை. இடப்பக்கம் சுவர். கால்மாட்டில் குறுக்கே படுத்துக்கொண்டாள். ஒருநாள் துணிந்து கேட்டும் விட்டாள்: “வாசிக்கும்போது மத்த கை வருதாமே, நெசமா?” சங்கையா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “ஒருநா வந்து பாரு.” அவள் போகவில்லை. லயத்து ஆட்கள் கிளப் வேலியைத் தாண்டக் கூடாது என்பது நல்ல சாக்காக இருந்தது. கால்மாட்டில் படுத்ததில் ஒரு தொந்தரவு மட்டும் உண்டு. தூக்கத்தில் அவருடைய வலது பாதம் அவள் கெண்டைக்கால் மேல் வந்து மெல்ல அழுத்தும். அழுத்தியபடியே கொஞ்சம் நிற்கும். விடும். மறுபடி அழுத்தும். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத மனுஷன் கனவில் எதை மிதித்துக்கொண்டு எங்கே போகிறாரோ என்று நினைத்துக்கொள்வாள்.

ஆஸ்பத்திரியில் வெட்டியெடுத்த கையை அன்றைக்குக் கம்பவுண்டர் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தார். அதைப் புதைத்தவன் சங்கையாவின் தம்பி நல்லதம்பி. வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை. அவன் ஜீப்பில் வந்து இறங்கி அண்ணன் காலைக் கட்டிக்கொண்டு அழுது முடிப்பதற்குள் அழகுமலை அவன் கையில் மண்வெட்டியைக் கொடுத்தார்.

“தோண்டி எடுத்துக்கிட்டு வா. சோடி சேத்துக் கட்டணும்.”

வேலுத்தாய் வாசலைப் பார்த்தாள். அது இந்த வாசலுக்கு வரப் போகிறது, பிஸ்கட் டப்பாவுக்குள்ளே. வந்தால் அவள்தான் மூடியைத் திறக்க வேண்டுமோ? கொண்டுவராவிட்டாலோ, அதுவே வழி கேட்டுக்கொண்டு வரும். வந்து கதவைத் தட்டும். நாளைக்கு அந்த ஒற்றை அறையில் படுக்கப் போகிறவள் அவள் ஒருத்திதான்.

மதியம் தாண்டிப் பனிமூட்டமாய் மஞ்சு இறங்கும்போது நல்லதம்பி தலை முதல் கால் வரை சேற்றோடு வந்து நின்றான்.

“மதினி, பலா மரத்தடியிலதான் வச்சேன். இப்ப மரமே இல்ல. லாரி ரோடு போட்டப்ப வெட்டிட்டாக. நானும் குத்துமதிப்பா தோண்டுனேன். பன்னி கெளறுன மாதிரி ஆகிப்போச்சு. சூப்பர்வைசர் கம்பெடுத்துக்கிட்டு வந்துட்டாரு.”

“இப்ப அது எங்கதான்டா இருக்கு?” என்றார் அழகுமலை.

“அது எங்க இருக்குன்னு அதுக்குத்தான் தெரியும், பெரியப்பா.”

சொல்லிவிட்டு அவனே பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தான்.

அந்த நேரத்தில்தான் கிளப்பின் மலையாளிச் சமையல்காரன் ஏசுதாஸ் குடையை மடக்கிக்கொண்டு வந்தான். பிணத்தின் காலைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். மானேஜர் வீட்டு விருந்தாளிகள் வருகிறார்கள், கிளப்பைத் திறக்க வேண்டும், சாவி சங்கையா அண்ணனிடம் இருக்கிறது என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். வேலுத்தாய் புருஷனின் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள். அவன் மேட்டில் ஏறி மஞ்சுக்குள் போனான். எல்லாரும் மறுபடி கைப் பேச்சுக்குத் திரும்பினார்கள். பொழுதுக்குள் எடுக்க வேண்டும், கட்டாமல் எடுக்கக் கூடாது, என்ன செய்வது.

மேலே கிளப்பில் பியானோ ஒலித்தது.

ஒரே ஒரு சத்தம். அடிச் சத்தம். மஞ்சு இறங்கினால் மேலே தும்மியது கீழே கேட்கும் இடம் அது. மேட்டிலிருந்து இறங்கி, கூரைத் தகரத்தில் நடந்து, பிணத்தின் மேல் வந்து நின்றுகொண்டு போகமாட்டேன் என்றது.

“வந்துருச்சு! நேரா பெட்டிக்கே போயிருச்சு!” என்று மூக்கம்மாள் போட்ட கூச்சலில் கோழிகள் கூரையேறின. லயத்து ஆம்பிளைகள் சாராயக் கடை அடைக்கப் போகிற நேரத்தில்கூட அந்த வேகத்தில் ஓடியதில்லை. நல்லதம்பி மண்வெட்டியோடு ஓடினான். முழங்கால் வலியால் ரெண்டு வருஷமாகப் படி ஏறாத அழகுமலை லயத்தின் கீழ்வேலியைத் தாண்டினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் வாசலில் இருந்தது இரண்டு பேர். அதில் ஒருவர் சங்கையா.

வேலுத்தாய்க்கும் ஓடத்தான் ஆசை. கால் வரவில்லை. பிணத்தைத் தனியாக விடக் கூடாது என்கிற முறைகூட அப்போது ஞாபகம் இல்லை. பெஞ்சுக் காலைப் பிடித்துக்கொண்டு, சேறும் பிஸ்கட் டப்பாத் துருவுமாக அது படி இறங்கி வரும் என்று மேட்டுப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சுக்குள் ஏதோ அசைந்தது. கறுப்பாக. இறங்கி வந்தது.

குடை.

“எங்க அக்கா எல்லாரும்?” என்றான் ஏசுதாஸ்.

அவள் மேட்டைக் காட்டினாள். “மேல… சத்தம்…”

“அது நான்தான், கேட்டோ. அண்ணனுக்காக ஒருக்கா தொடலாம்னு தோணுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க.”

“பொய் சொல்லாத. நீ தொட்டா சட்டுனு நிக்கணும்ல? அம்புட்டு நேரம் ஆரு அமுக்கிக்கிட்டு இருந்தது?”

“கை அமுக்கல அக்கா. கால்.” அவன் ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு வலது பாதத்தைத் தரையில் வைத்துக் காட்டினான். “பெட்டிக்கு அடியில ஒரு மிதி இருக்கு, தையல் மிசினுக்கு இருக்கிற மாதிரி. அதை மிதிச்சிட்டு அடிச்சா, கைய எடுத்தாலும் சத்தம் நிக்கும். கால எடுத்தாத்தான் போகும். அது அண்ணனுக்கே ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு. பெட்டிக்கு அடியில பூந்து ஒட்டடை அடிச்ச அன்னைக்குக் கண்டுபிடிச்சாரு. அன்னைக்கு அடுக்களைக்கு ஓடி வந்து என்னைத் தூக்கிச் சுத்துனாரு, ஒத்தைக் கையால! கையில்லாத பக்கத்துக்குக் கால் இருக்குடா ஏசுதாசுன்னு…”

 குடையை விரித்து மடக்கினான்.

 வேலுத்தாய் தலைமாட்டிலிருந்து எழுந்து, கால்மாட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

“நீ மறுக்கா போ. அதே மாதிரி அடி. அடிச்சிட்டுக் கைய எடுத்திரு. கால எடுக்காத.”

“எப்ப அக்கா எடுக்கணும்?”

“எடுக்காத. அதுவா ஓயட்டும்.”

அவன் போனான். அவள் புருஷனின் வலது உள்ளங்காலில் கையை வைத்தாள். சில்லிட்டிருந்தது, குதிகால் தேய்ந்து பளபளவென்று இருந்தது. தெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தும், சத்தம் வந்தபோது உடம்பு தூக்கிப்போட்டது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. அது வந்து அழுத்தியது. அழுத்தியபடியே நின்றது. வேலிக்கு அப்பால் ஒளிந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாகக் குனிந்தன. அவளுடைய கெண்டைக்காலுக்கு அந்தச் சத்தம் முன்பே பழக்கமாகியிருந்தது. எவ்வளவு நேரம் நிற்கும், எந்த இடத்தில் மெலியும், எப்போது விடும் என்று அதற்குத் தெரிந்தது.

விட்டது.

“மாமா,” என்று வேலியைப் பார்த்துக் கூப்பிட்டாள். “வாங்க. சோடி இருக்கு.”

அழகுமலை பாதி வேலியில் நின்றார். “டப்பா ஆம்புட்டுருச்சா?”

“அதத் தேட வேண்டாம். அந்தக் கட்டைவிரலக் காலோட கட்டுங்க. வலது கால் பெருவிரலோட.”

“கையக் காலோடயா? எங்கயும் கேள்விப்பட்டதில்ல தாயி. ஊரு சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். இம்புட்டு நாளா பயந்துச்சுல்ல.”

அவர் நல்லதம்பியைப் பார்த்தார். நல்லதம்பி, “மதினி சொன்னாச் சரி. எனக்கு இன்னொரு குழி தோண்டச் சீவனில்ல,” என்றான். புதுவேட்டியின் ஓரத்தைக் கிழித்தார்கள். எட்டவில்லை. இன்னொரு கிழிசலை முடிந்தார்கள். வயிற்றின் மேல் கிடந்த இடது கட்டைவிரலிலிருந்து, தொடையின் மேல் ஓடி, வலது பெருவிரல் வரை வெள்ளையாக நீண்டது அது. அழகுமலை தள்ளி நின்று பார்த்தார். நாற்பது வருஷத்தில் இப்படி ஒரு கட்டுப் போட்டதில்லை என்று முனகினார். குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பொழுது சாய்வதற்கு முன்னால் பாடை எடுத்தார்கள். பெண்கள் கொழுந்து நிறுக்கும் கொட்டகை வரைதான் போகலாம். அங்கிருந்து பாதை இடுகாட்டுக்குச் செங்குத்தாக இறங்குகிறது. மழை ஈரம் வேறு. தூக்கிப் போனவர்களின் ஒவ்வொரு அடிக்கும் பாடை முன்னால் சாய்ந்து நிமிர்ந்தது. வேலுத்தாய் பார்த்தாள். சாயும்போது பாதம் சரிந்தது. துணி இழுபட்டது. மாலைக்கு நடுவே கட்டைவிரல் எழுந்தது, விழுந்தது. மறுபடி பாதம், மறுபடி விரல்.

மூக்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த மலையில் பாடை தூக்க ஒரு ஆள் மிஞ்சியிருக்க மாட்டான். வேலுத்தாய் யாரிடமும் சொல்லவில்லை.

“ஏ வேலு, வா. போய்த் தலைக்குத் தண்ணி ஊத்தணும்ல,” என்றாள் மூக்கம்மாள்.

“வாரேன்.”

அவளுடைய வலது பாதம் ஈர மண்ணில் அழுந்தியிருந்தது. விரலிடுக்கில் சேறு பிதுங்கியது. பாடை வளைவில் திரும்பி மறையும்வரை அவள் அதை எடுக்கவில்லை.