பற்ற வைத்த கேட்

வெல்டருக்கு மூக்குக்கு மேலே கோபம். மத்தியான ரேடியோவில் தம்பியை விற்கப்போகிறார்கள் என்று கேட்டதும் கையிலிருந்த சுத்தியலைப் பட்டறைச் சுவரில் வீசினான். காரை பெயர்ந்து விழுந்தது. பின்னே? அரை டவுசர் போட்ட நாளிலிருந்து இந்த ஊர்க் கால்பந்து கிளப்பில் வளர்ந்தவன், கோல் அடித்து அடித்து ஊரே தலையில் வைத்துக் கூத்தாடும் ஆட்டக்காரன்! அவனை யாருக்கு விற்கிறார்கள்? வருஷா வருஷம் இவர்களை மிதித்துத் துவைக்கிற பெரிய கிளப்புக்கு! வயிறு எரியாதா?

வெல்டிங் மெஷினையும் ஜெனரேட்டரையும் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு கிளப் மைதானத்துக்குப் போனான். உள்ளே தம்பியை ஏற்றிப்போகக் கார் தயாராக நின்றது. மைதானத்து வாசலில் இரண்டு கதவு போட்ட இரும்பு கேட்டைச் செய்தவனே இவன்தான். மளமளவென்று நடுவில் இரண்டு கதவையும் சேர்த்துப் பற்ற வைத்தான். இனி கார் எப்படிப் போகும், பார்த்துவிடலாம்!

காவலாளி ஓடிவந்து சட்டையைப் பிடித்தான். வெல்டர் குறடால் அவன் தாடையில் ஒன்று விட்டான். பல் தெறித்தது. அதற்குள் ரசிகர் கூட்டம் கல்லும் கட்டையுமாகத் திரண்டுவிட்டது.

கிளப் கணக்காளர் கேட்டுக்கு உள்பக்கம் வந்து கும்பிட்டார். “புரிஞ்சிக்கோங்கய்யா. கிளப் சம்பாதிக்கிறதுல ஒரு பங்குக்கு மேல ஆட்டக்காரங்களுக்குச் செலவழிக்கக்கூடாதுன்னு கால்பந்து சங்கம் சட்டம் போட்டிருக்கு. நாம தாண்டிட்டோம். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒருத்தரை வித்து ஈடுகட்டலேன்னா போட்டியில நாம எடுத்த புள்ளிய வெட்டிடுவாங்க. கீழ்ப்பிரிவுக்குப் போயிடுவோம்.”

“அவனுங்க மட்டும் கொட்டிக் கொட்டிச் செலவழிக்கிறானுங்க? அவனுங்களுக்குச் சட்டம் கெடையாதா?” என்றான் வெல்டர்.

“அவங்களுக்கும் அதே பங்குதான்பா. ஆனா அவங்க வருமானம் மலையாட்டம். அதுல ஒரு பங்கே நம்ம மொத்தத்தைவிடப் பெருசு.”

“நல்லா இருக்குய்யா உங்க நியாயம்! அப்ப வெளியூர்லேருந்து வாங்கிட்டு வந்தீங்களே ஒரு நெட்டையன், அவனை வித்துத் தொலைங்க!”

“வாங்கின வெலையைக் கழிச்சா அவன்கிட்ட ஒண்ணும் தேறாது. இங்கேயே வளர்ந்தவனை வித்தாத்தான் வர்றது பூரா லாபக் கணக்கு. உன் தம்பி ஒருத்தன்தான்…”

“வளர்த்தது நான்டா!”

யாரோ எறிந்த செங்கல் கணக்காளரின் நெற்றியைப் பிளந்தது. முகமெல்லாம் ரத்தமாக அவர் உள்ளே ஓடினார். ரத்தத்தைப் பார்த்ததும் கூட்டத்துக்கு வெறி பிடித்துவிட்டது. “தள்ளுங்கடா! உள்ள போய் அவனுங்களை வெளுப்போம்!” என்று கத்தியவன் வேறு யாருமில்லை, வெல்டரேதான்.

நடுவில் பற்ற வைத்த கேட்டை இடித்தால் பாரம் முழுக்க ஓரத்துக் கீலுக்குத்தான் போகும். பட்டறையில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும் இது. பாவி, கோபத்தில் அவனுக்குத்தான் தெரியவில்லை.

தம்பி கிளப் ஆபீசிலிருந்து ஓடிவந்து உள்பக்கமிருந்து கம்பியைப் பிடித்தான். “நிறுத்துண்ணா! போறேன்னு சொன்னதே நான்தான். நான் போனாத்தான் கிளப் தப்பிக்கும்!”

“உன்னை ஒருத்தனும் வாங்க முடியாதுடா!” என்று வெல்டர் தோளைக் கொடுத்து இடித்தான். அவன் பின்னால் மொத்தக் கூட்டமும் இடித்தது.

துருப்பிடித்த கீல்கள் பிய்த்துக்கொண்டன. கேட் ஒரே பலகையாக உள்பக்கம் சாய்ந்தது. தம்பி நகர்வதற்குள் அவன்மேல் விழுந்தது. நிற்க முடியாத கூட்டம் அதன்மேலேயே ஏறி மிதித்தது. அடியிலிருந்து வந்த அலறல் வெல்டருக்குத்தான் முதலில் கேட்டது. பக்கத்திலிருந்தவர்களைக் குத்தினான், கடித்தான், தூக்கி எறிந்தான். கேட்டைத் தூக்கியபோது தம்பியின் வலது கால், முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது.

கால் உடைந்த சேதியைக் கேட்டதும் பெரிய கிளப் போனை வைத்துவிட்டது. சாயங்காலத்துக்குள் இன்னொரு சின்னக் கிளப்பில் வளர்ந்த ஒருத்தனை வாங்கியும் விட்டது. அவர்களுக்கென்ன?

புள்ளி வெட்டப்பட்ட அன்றைக்கு, வெல்டரோடு சேர்ந்து கேட்டை இடித்த அதே ஆட்கள் பட்டறைக்கு வந்தார்கள். கிளப்பை அழித்தவன் இவன்தானாம்! மெஷினை நொறுக்கினார்கள். வெல்டரை இரும்புக் குழாயால் அடித்தார்கள். அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. அடி விழவிழத் தேவலை போலிருந்தது அவனுக்கு.

கால் கட்டோடு ஊன்றுகோலை ஊன்றித் தம்பி குறுக்கே வந்து நின்றான். “எங்கண்ணனை விடுங்கடா! என்னைப் போகவிடக்கூடாதுன்னுதானேடா இடிச்சான்? அடிக்கணும்னா என்னை அடிங்க!”

ஓங்கிய குழாய் அடிக்காமல் அப்படியே தாழ்ந்தது. வாயில் ரத்தம் ஒழுக வெல்டர் தரையில் ஊர்ந்துபோய், தம்பியின் நல்ல காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான்.