எட்டாவது வாரத்தின் கவுன்ட்டர்

தாட்சாயணிக்கு ஏழாவது வாரம் முடிந்துவிட்டது. எட்டாவது வாரம் அதே வராண்டாவில் இடது கைப்பக்கம் இருக்கிறது என்று நர்ஸ் சொன்னாள். தாட்சாயணி நடக்க, வராண்டாவும் கூடவே நீண்டது. அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் இது தெரியும். அதனால்தான் கர்ப்பிணிகளைக் காலை எட்டு மணிக்கே வரச் சொல்கிறார்கள்.

பாதி வழிக்கு மேல் கணவன்மாருக்கு அனுமதி இல்லை. அந்த இடம் வந்ததும் இளம்பரிதி பெஞ்சாக மாறினான். நல்ல தேக்கு பெஞ்சு. அவள் அதில் உட்கார்ந்தாள்.

"வலிக்குதாங்க?"

"இல்ல. மாத்திரை போட்டியா?"

"போட்டேன். உடனே வாந்தி வந்துருச்சு."

"சரி, நீ கிளம்பு. நேரமாகுது."

அவள் எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். போன வருஷமும் எட்டாவது வாரம் வரைக்கும் வந்திருக்கிறாள். அன்று ஒன்பதாவது வாரத்தின் கதவைத் திறந்தபோது பின்னால் சுவர் இருந்தது.

கவுன்ட்டரில் ஒரு அம்மாள் சுண்டல் தின்றுகொண்டிருந்தாள். அந்த வாசனைக்கே தாட்சாயணிக்குக் குமட்டியது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"எவ்வளவு பெருசு?"

"மொச்சைக்கொட்டை அளவுன்னாங்க."

"விரல் பிரிஞ்சிருச்சா?"

"இன்னும் இல்லைங்க. ஒட்டிக்கிட்டுத்தான் இருக்காம்."

"அப்ப எப்படிக் கையெழுத்துப் போடும்? 'நான் இருக்கேன்'னு அது எழுதித் தரணுமே."

"நான் போடுறேங்க."

"நீ இருக்கேன்னு நீ போடலாம். அது இருக்குன்னு அதுதான் போடணும்."

தாட்சாயணி நகரவில்லை. கவுன்ட்டர் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாள் பெருமூச்சு விட்டு, ரப்பர் முத்திரையை எடுத்து அவள் அடிவயிற்றில் ஒரு கணம் ஒற்றி, படிவத்தின் மேல் வைத்தாள். முத்திரை தானாகவே குத்த ஆரம்பித்தது. டக்டக்டக்கென்று நிற்காமல் குத்தியது. அம்மாள் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள்.

"நிமிஷத்துக்கு நூத்தி அறுபது. எதுக்கு இவ்வளவு அவசரம்?"

"இந்த வாரம் இதயம் அப்படித்தான் அடிக்கும்னாங்கம்மா." தாட்சாயணிக்குச் சிரிப்பு வந்தது.

"சரி. ஆனா உன் பேர்ல பழசு ஒண்ணு முடிக்காம கெடக்கு." அம்மாள் காகிதக் கோப்பு ஒன்றை எடுத்துப் போட்டாள். உள்ளே ஒரே ஒரு தாள். அதில் அவள் பெயரும் போன வருஷத்துத் தேதியும் மட்டும். "அடியில 'இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. அப்பத்தான் புதுசு நகரும்."

வீட்டில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். அது குழந்தையே இல்லை, மறந்துவிடு என்றார்கள். அவளும் தலையாட்டியிருந்தாள். இப்போது பேனாவை வாங்கி 'இ' என்று எழுதினாள். அதோடு நிறுத்தினாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"எழுத மாட்டேன்."

"எழுதலைன்னா இங்க வெச்சுக்க இடமில்ல."

"நான் எடுத்துட்டுப் போறேன்."

"கனக்கும். முதல் மூணு மாசம் கனம் தூக்கக் கூடாது, தெரியும்ல?"

"தெரியும்."

அம்மாள் ஒரு சுண்டலை மென்றபடி அவளையே பார்த்தாள். பிறகு கோப்பை அவள் பக்கம் தள்ளினாள். தாட்சாயணி அதை இரண்டு கைகளாலும் அள்ளித் தூக்கினாள். உண்மையிலேயே கனத்தது. ஆனால் தூக்க முடிந்தது.

கதவு திறந்தது. பின்னால் சுவர் இல்லை.

ஒன்பதாவது வாரத்தின் வாசலில் ஒரு பெண் நோட்டுடன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"மொத்தம் எத்தனை பேரு?"

தாட்சாயணி கோப்பை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"மூணு பேரு."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்காமலே எழுதிக்கொண்டாள்.

"மூணு பேரும் செருப்பை இங்கயே கழட்டிட்டு உள்ள வாங்க," என்றாள்.