போருக்குப் போன மழை

1914 ஆகஸ்ட் ஆறாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு எர்லன்ஸ்டெட்டன் ஊரின் மழை, ஊர் ஆண்கள் அறுபத்தொரு பேரோடு சேர்ந்து போருக்குப் புறப்பட்டது. தவறு, கோயிலில் மணி அடிக்கும் கோயில்பிள்ளை பிளாசியுஸ் எங்ஸ்டுடையது. அந்த மேட்டு நிலத்தில் எவ்வளவு தோண்டினாலும் சுண்ணாம்புக்கல்தான் வரும். மனிதரும் மாடும் மழைநீர்க் குட்டையை நம்பியே பிழைத்தார்கள். ஆனாலும் ஆலங்கட்டிக்குப் பயந்து கோயிலில் ஒரு புயல்மணி வைத்திருந்தார்கள். மேகம் கறுத்தால் பிளாசியுஸ் அதை அடிப்பார், மேகம் பக்கத்து ஊருக்கு நகரும். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் மணியை அடித்து அதைத் திருப்பி அனுப்புவார்கள். அன்று ரிசர்வ் டிவிஷனில் சேர அவருக்கும் அழைப்பு வந்திருந்தது. வழியனுப்ப மணி அடிக்கச் சொன்னார் பாதிரியார். பிளாசியுஸ் உணர்ச்சிவசப்பட்டுப் புயல்மணியையும் சேர்த்து அடித்துவிட்டு ஓடிப்போய் வரிசையில் நின்றார். விரட்டப்பட்ட மேகம் வேறு திக்குத் தெரியாமல் அவர்கள் பின்னாலேயே ரயில் நிலையம்வரை வந்தது.

ஷாம்பெய்ன் போர்முனையில் அவர்கள் இருந்த பதுங்குகுழிமேல் மட்டும், இருநூறடி அகலத்துக்கு, விடாமல் மழை பெய்தது. பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் வெயிலில் காலுறை காயப்போட்டபடி இவர்களைத் தவளைகள் என்றார்கள். டிவிஷன் தலைமையகத்துக்குக் கேப்டன் எழுதினார். தளவாடப் பட்டியலில் மழை இல்லாததால் அதைத் திரும்பப் பெற வழியில்லை என்று பதில் வந்தது. பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. விஷவாயு வந்தால் மழையில் கரைந்து சேற்றோடு போயிற்று. எதிரியின் பீரங்கிக்காரர்களுக்கு அந்த இருநூறடியில் எதுவும் தெரியவில்லை. மூன்று வருடத்தில் டிவிஷன் இரண்டு முறை அழிந்து இரண்டு முறை நிரப்பப்பட்டது. எர்லன்ஸ்டெட்டன்காரர்களில் செத்தவர்கள் ஒன்பது பேர்தான்.

ஊரில் ஒரு சொட்டு விழவில்லை. குட்டை பாளம்பாளமாக வெடித்தது. பெண்கள் பள்ளத்தாக்கிலிருந்து மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். மாடுகளைப் படைக்குப் பிடித்துக்கொண்ட பிறகு வண்டியைத் தாங்களே இழுத்தார்கள். எல்லோரும் சுகம் என்றுதான் கடிதம் போட்டார்கள். 1917 மார்ச்சில் பிளாசியுஸின் மனைவி கிரெசென்ஸ் உண்மையை எழுதினாள். நான்கு கைக்குழந்தைகளைப் புதைத்தாயிற்று. கோயில் மணிகளைக் குண்டு செய்ய இறக்கிக்கொண்டு போனார்கள், புயல்மணியையும்தான். மூன்று வயது மகள் அஃப்ரா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். நோவாவின் பேழைப் படத்தைக் காட்டியபோது, வானத்திலிருந்து கோடு கோடாக இறங்குவது என்ன என்று கேட்டாளாம். என்னவென்று சொல்லட்டும் என்று மட்டும் கேட்டிருந்தாள் கிரெசென்ஸ்.

மேகத்தைத் திருப்பும் வழி பிளாசியுஸுக்கு இரண்டு வருடமாகவே தெரியும். விஷவாயு வந்தால் எச்சரிக்கப் பதுங்குகுழியில் தொங்கிய மணி, எரிந்துபோன ஒரு சிற்றாலயத்திலிருந்து எடுத்தது, புயல்மணியைப்போலவே மந்திரித்த மணி. உயிர்மேல் ஆசை, அதனால் வாயைத் திறக்கவில்லை. இப்போது வெட்கம் பிடுங்கித் தின்றது. கடிதத்தை எல்லோர் முன்னும் வாசித்தார். பிறகு அந்த மணியைக் காட்டினார். கொல்லர் ஃபீடல்தான் கேட்டார்.

“அடிச்சா போயிடுமா, கோயில்பிள்ளை?”

“போயிடும். வீட்டுக்குத்தான் போகும், அதுக்கு வேற ஊரு தெரியாது. ஆனா நம்மள பார்த்துருவானுங்க.”

ஃபீடல் தன் காலைப் பார்த்தார். “மூணு வருசமா என் காலுறை காயல. ஒரு நாளாவது காயட்டும்.” பிறகு சொன்னார்: “கயித்த நீளமாக் கட்டு. அம்பத்திரண்டு பேரும் புடிக்கணும். நாளைக்கு ஊர்ல ஒருத்தி உன்னைய மட்டும் வையக் கூடாது.”

ஏப்ரலில் ஒரு காலை ஐம்பத்திரண்டு பேரும் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். வீட்டுக்குப் போ என்று அதட்டிய நாயைப்போல மேகம் தயங்கி நின்றது, பிறகு கிழக்கே போனது. வெயில் வந்தது. அவர்கள் காலுறைகளைக் கழற்றி முள்கம்பியில் காயப்போட்டார்கள். நண்பகலுக்குள் பீரங்கிகள் அவர்களைக் கண்டுகொண்டன. பொழுது சாயும்போது காலுறைகள் நன்றாகக் காய்ந்திருந்தன. எடுத்துப் போட்டுக்கொள்ள எட்டுப் பேர் இருந்தார்கள்.

அன்று பிற்பகல் எர்லன்ஸ்டெட்டனில் மழை கொட்டியது. பானையும் சட்டியுமாக ஓடிவந்த பெண்கள் கையில் விழுந்ததைப் பார்த்தார்கள்: ஷாம்பெய்ன் சுண்ணாம்பு கலந்து வெள்ளையாக இருந்தது. ஒருத்தியும் சிரிக்கவில்லை. அஃப்ரா முதலில் பயந்தாள், பிறகு குடித்தாள், பிழைத்துக்கொண்டாள். சாவுக் கடிதங்கள் வர இரண்டு வாரமாயிற்று.

போர் முடிந்து பிளாசியுஸ் திரும்பியதும் ஃபீடலின் மனைவி வால்புர்கா வந்து, மணி அடித்தது யார் என்று கேட்டாள்.

“எல்லாரும். உன் வீட்டுக்காரன்தான் மொதல்ல கயித்தப் புடிச்சான்.”

அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அன்றுமுதல் அந்த ஊர் மழை வெள்ளையாகத்தான் பெய்கிறது.

1924இல் புது மணி வந்தது. ஜூலையில், பார்லி அறுவடைக்குப் பத்து நாள் இருக்கையில், ஆலங்கட்டி மேகம் ஊர்மேல் வந்து நின்றது. ஊருக்குப் புதிதான பாதிரியார் புயல்மணி அடிக்கச் சொன்னார். பிளாசியுஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கோயில் வாசலிலேயே நின்றார்.

“அதுல நாப்பத்திநாலு பேர் இருக்காங்க, சாமி. எப்படி வெரட்டுறது?”

பார்லி முழுவதும் படுத்துவிட்டது. ஊரில் ஒருவரும் அவரைக் குறை சொல்லவில்லை. வால்புர்கா வீட்டுக் கதவை அகலத் திறந்து வைத்தாள். மேகம் கலைந்த பிறகுதான் சாத்தினாள்.